டிவியைக் கணினித் திரையாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மடிக்கணினியை எச்டிஎம்ஐ கேபிளால் டிவியுடன் இணைத்ததும் படம் வந்துவிடும். அக்கா வீட்டு 32 அங்குல டிவியில் அப்படி ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்தேன். ‘ண’ எது, ‘ன’ எது என்று தெரியவில்லை. மூக்குக்கண்ணாடியை இரண்டு முறை துடைத்துப் பார்த்தேன். கண்ணாடியில் குற்றமில்லை.

‘எச்டி ரெடி’ என்று விற்கும் 32 அங்குல டிவிகள் பலவற்றில் பேனல், அதாவது உள்ளிருக்கும் திரை, 1366×768 பிக்சல் (புள்ளிகள்)தான். ஆனால் அவை 1920×1080 சிக்னலையும் மறுக்காமல் வாங்கிக்கொள்ளும். கணினியும் அதை நம்பி அனுப்பும். 1920 புள்ளிகளை 1366 இடங்களில் அடைத்தால் ஒரு பிக்சல் அகலக் கோடு இரண்டு பிக்சல்களுக்கு நடுவே விழுந்து சாம்பல் பூசிக்கொள்ளும். கணினியின் திரை அமைப்பு காட்டும் தெளிவுத்திறன் (பிக்சல் எண்ணிக்கை) பட்டியலைவிட டிவியின் மாடல் விவரத்தை நம்புங்கள். 1366×768 அல்லது 1360×768 பட்டியலில் இருந்தால் அதுவே சரி. இல்லையென்றால் 1280×720, 1920×1080 இரண்டையும் போட்டுப் பார்த்துக் கண்ணுக்கு உகந்ததை வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஃபுல் எச்டி (1920×1080) டிவியில் வரும் தொல்லை வேறு. ஓரம் வெட்டுப்படும். பழைய குழாய் டிவிகளின் காலத்தில் படத்தின் விளிம்பை மறைக்க, படத்தைச் சற்றே பெரிதாக்கிக் காட்டுவார்கள். ஓவர்ஸ்கேன் எனும் அந்தப் பழக்கம் தட்டைத் திரைக்குத் தேவையே இல்லை, ஆனாலும் விடவில்லை. மேலும் கீழும் இரண்டரை சதவீதம் வெட்டுகிறது என்று வையுங்கள்: 1080-இல் 27 பிக்சல். விண்டோஸ் 10-இல் திரையின் அடியில் கடிகாரம் இருக்கும் பட்டையான டாஸ்க்பாரின் உயரமே 40 பிக்சல். கடிகாரத்தில் பாதிகூட மிஞ்சாது. உடனே பலரும் கிராபிக்ஸ் அமைப்புக்குப் போய்ப் படத்தைச் சுருக்குகிறார்கள். இதுதான் இருப்பதிலேயே மோசமான தவறு. கணினி சுருக்கியதை டிவி மறுபடி இழுக்கும். ஓரம் திரும்பிவிடும், கூர்மை போய்விடும். டிவியின் பட அளவு மெனுவில் எல்ஜியில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, சாம்சங்கில் ‘ஸ்கிரீன் ஃபிட்’, சோனியில் ‘ஃபுல் பிக்சல்’ என்ற பெயரில் மருந்து இருக்கிறது. அதைப் போட்டால் ஒரு பிக்சலுக்கு ஒரு பிக்சல். கிராபிக்ஸ் பக்கம் எதையும் தொடாதீர்கள்.

4கே டிவியில் எழுத்து எறும்பளவு தெரிகிறதென்று தெளிவுத்திறனைக் குறைப்பதும் வேண்டாம். 3840×2160-ஐ அப்படியே விட்டு, எழுத்தையும் படங்களையும் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கேலிங் அமைப்பை 200 அல்லது 300 சதவீதமாக்குங்கள். எழுத்து பெரிதாகும், கூர்மையும் குறையாது.

இரண்டு திரையிலும் ஒரே காட்சி என்ற தேர்வில் மடிக்கணினியின் சிறிய அளவே டிவிக்கும் போய்ச் சேரலாம். விண்டோஸ் விசையுடன் ‘பி’யை அழுத்தி இரண்டாம் திரையை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

மவுஸ் விட்டுவிட்டு நகர்கிறதா? எச்டிஎம்ஐயின் 1.4 பதிப்பு வழியே 4கே நொடிக்கு 30 படம்தான் வரும், 60-க்கு 2.0 பதிப்பு வேண்டும், கணினி, கேபிள், டிவியின் அந்தத் துளை மூன்றுமே ஈடுகொடுக்க வேண்டும்.

அளவெல்லாம் சரியாகியும் நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து கசிந்தால், டிவியில் அந்த உள்ளீட்டின் பெயரை ‘பிசி’ என்று மாற்றிப் பாருங்கள். சாம்சங், எல்ஜி டிவிகள் பலவற்றில் பெயரை மாற்றினாலே கசிவு நிற்கும். பெயரில் என்ன இருக்கிறது என்று நானும் முதலில் சிரித்தவன்தான்.