பழைய ஹைப்போவைக் கொல்லையில் ஊற்றாதீர்கள்

காரைக்குடியில் அப்பா போட்டோ ஸ்டுடியோ நடத்திய காலத்தில், பிலிம் கழுவும் ரசாயனக் கரைசலான ஹைப்போ சக்தி தீர்ந்ததும், அதை வாளியோடு தூக்கிப்போய்க் கொல்லையில் ஊற்றுவது என் வேலை. அங்கே நின்ற முருங்கை இரண்டு கோடைக்குள் பட்டுப்போனது. "மரத்துக்கே ஆகாததைக் கிணத்துக்கு அனுப்புறியேப்பா" என்றார்கள் பக்கத்து வீட்டு ஆச்சி. இன்றைக்குக் கருப்பு வெள்ளை பிலிம் கழுவுவது என் ஆசைக்கு மட்டும்தான். ஆனாலும் ஒரு சொட்டு வெளியே போகாது.

பிலிமில் வெளிச்சம் படாத வெள்ளி உப்பைக் கரைத்தெடுப்பதுதான் ஹைப்போவின் வேலை. அந்த வெள்ளி அதிலேயே தங்கிவிடும். செம்புக் கம்பியைப் புளி போட்டுத் துலக்கிச் சில நிமிடம் முக்கிப் பாருங்கள். சாம்பல் வெள்ளையாகப் பூசிக்கொள்ளும்.

பிரிக்க இரும்பு நார் போதும். காற்றோட்டமான இடத்தில், கையுறை போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் வாளியில் ஹைப்போவை ஊற்றி நாரை அமுக்கி வையுங்கள். இரும்பு கரையக் கரைய வெள்ளி கருப்புச் சேறாகப் படியும். முதல் தடவை நான் பாத்திரம் தேய்க்கும் பளபள நாரைப் போட்டுவிட்டு நாலு நாள் காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அது துருப்பிடிக்காத எஃகு. ஈரத்தில் ஒரு ராத்திரி கிடந்தால் துருப்பிடிக்கிற நார்தான் வேண்டும்; எண்ணெய்ப் பிசுக்குப் போக சோப்பில் அலசிக்கொள்ளுங்கள். புதிதாகத் துலக்கிய செம்பில் பூச்சு ஏறாவிட்டால் வேலை முடிந்தது. சேற்றை வடிகட்டிக் காயவைத்து, வெள்ளி சுத்தம் செய்பவரிடம் கொடுங்கள். நீங்களே உருக்க வேண்டாம். கொலுசுக் கனவும் வேண்டாம், ஒரு ரோலில் ஒரு கிராம்கூடத் தேறாது.

சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிற ஊர் என்பதால், "கரண்ட் விட்டுப் பிரிக்கலாமே" என்று யாராவது கேட்பார்கள். பிரிக்கலாம்தான். கரண்ட் அளவு கூடினால் அழுகிய முட்டை வாடையோடு விஷவாயு வரும், வீட்டுக்கு ஆகாது.

மிச்ச நீரையும், பிலிமில் படத்தைத் தோன்றவைக்கும் டெவலப்பரையும் தனித்தனிக் கேனில் பெயர் எழுதி மூடிவைத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி உள்ளவர்களிடம் ஒப்படையுங்கள். ஆசிட், பிளீச்சிங் எதையும் கலக்காதீர்கள்.

அப்புறம் பிரிண்டர். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகளில் அதுவும் சேர்த்திதான். காலி கார்ட்ரிட்ஜ் ரீஃபில் ஆகுமா என்று முதலில் பாருங்கள். ஆகாவிட்டால் பையில் கட்டி மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். டோனர் என்கிற மைத்தூள் சிந்தினால் பச்சைத் தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுங்கள், வெந்நீர் பட்டால் அப்பிக்கொள்ளும். கேமரா பேட்டரியின் முனையில் டேப் ஒட்டிக் கொடுங்கள். பழைய பிளக்ஸ் பேனரை எரிக்கவே கூடாது. வைக்கோல் படப்பு மூடக் கேட்டு வருவார்கள்.

கலர் பிரிண்டில் பிளாஸ்டிக் பூச்சு உண்டு, பழைய பேப்பர்க் கட்டில் சேர்க்காதீர்கள். வாங்காமல் கிடக்கும் கல்யாணப் படங்களை மட்டும் நான் கழிப்பதில்லை. போன மாதம் பள்ளத்தூரிலிருந்து ஒருவர் வந்து, ஒரு மணி நேரம் கிளறி, அவருடைய அப்பத்தா படத்தை எடுத்துப்போனார்.