மெகர் நன்றாகக் காட்டினால் போதாது, ஹைவோல்டேஜும் போட்டுப் பாருங்கள்

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்புக்காரருக்கு 5 எச்.பி. மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒரே உடலாக இருப்பது) மோட்டாருக்குக் காயில் கட்டிக் கொடுத்தேன். இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸை அளக்கும் மெகரில் 200 மெகாஓம், சந்தோஷமாக அனுப்பினேன். கிணற்றுத் திட்டில் பூட்டி ஸ்டார்ட்டரை அமுக்கினதும் புகை. பிரித்துப் பார்த்தால் ஸ்லாட் (காயில் உட்காரும் இரும்புப் பள்ளம்) ஓரத்துப் பிசிறு இன்சுலேஷன் பேப்பரைக் கிழித்து, கம்பி மேல் இருக்கும் எனாமல் பூச்சையும் சுரண்டி வைத்திருக்கிறது. கம்பிக்கும் இரும்புக்கும் நடுவில் மயிரிழை அளவு காற்றுதான். காய்ந்த காற்றும் நல்ல இன்சுலேட்டர்தானே, மெகரின் 500 வோல்ட்டுக்கு அது அசையாது. ஆனால் ஒரு மில்லிமீட்டர் காற்றே சுமார் 3000 வோல்ட்டில் உடையும், மயிரிழை இடைவெளி எம்மாத்திரம்?

அதனால் பேப்பர் போடும் முன் ஸ்லாட் ஓரங்களில் அரம் போட்டு, விரலால் தடவிப் பாருங்கள். பேப்பர் இரண்டு பக்கமும் கொஞ்சம் வெளியே நீட்டி மடிந்திருக்க வேண்டும். சிலர் பயந்துகொண்டு ரெட்டைப் பேப்பர் போடுவார்கள். தடிமன் இரண்டு மடங்கானால் தாங்கும் வோல்டேஜ் இரண்டு மடங்காகிவிடாது, நடுவில் காற்று அடைபடும், சூடு வெளியேறாது, காயிலுக்கு இடமும் போதாது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

வார்னிஷ் போட்டு அடுப்பில் நன்றாகக் காயவிட்டு, மோட்டார் ஆறினபிறகு முதலில் மெகர். 5 மெகாஓமுக்குக் கீழே இருந்தால் ஈரம் இருக்கிறது, திரும்பக் காயவையுங்கள், அதற்கு மேல் போக வேண்டாம்.

அப்புறம்தான் ஹைவோல்டேஜ், அதாவது காயிலுக்கும் பாடிக்கும் நடுவில் அதிக வோல்டேஜ் கொடுத்து இன்சுலேஷன் தாங்குகிறதா என்று பார்ப்பது. கணக்கு சுலபம்: மோட்டாரின் வோல்டேஜை இரண்டால் பெருக்கி 1000 கூட்டுங்கள். 415க்கு 1830 வோல்ட், ஒரு நிமிஷம். ஒரு பேஸுக்கு ஏற்றும்போது மற்ற இரண்டையும் பாடியோடு சேர்த்து எர்த் பண்ணிவிடுங்கள். பாதிக்கும் கீழே ஆரம்பித்துப் பத்து விநாடிக்குக் குறையாமல் மெதுவாக ஏற்றுங்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது, டீ கொண்டு வருகிற பையன் உட்பட. முடிந்ததும் காயிலை எர்த் பண்ணாமல் கை வைக்காதீர்கள்.

முழுசாகக் கட்டினதற்குத்தான் இந்த 1830. சும்மா கழுவிக் காயவைத்த பழைய மோட்டாருக்கு அதன் வோல்டேஜில் ஒன்றரை மடங்கு கணக்கு, ஆனால் 1000 வோல்ட்டுக்குக் குறையாமல்.

இரண்டாம் தடவை காசு வாங்காமல் கட்டிக் கொடுத்தபோது தோப்புக்காரர் விடவில்லை. “ஏனுங்க, என் கண்ணு முன்னால ஒருக்காப் போட்டுக் காட்டுங்க” என்றார். காட்டினேன், 1464 வோல்ட்டில். முழு வோல்டேஜைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் நல்ல இன்சுலேஷனும் நொந்துபோகும், மறு சோதனைக்கு 80 சதவீதம் போதும்.