வேப்பம்பூ காலத்தில் நாம் செய்யும் தவறுகள்

பங்குனி பிறந்து வேம்பு பூத்துக் கொட்டத் தொடங்கியதும் பலருக்கு இரண்டு ஆசைகள் சேர்ந்தே வரும். ஒன்று, பூவைச் சேகரித்து வருஷத்துக்கும் ரசத்துக்கு வைத்துக்கொள்வது. இன்னொன்று, வெயில் ஏறுவதற்குள் உடம்பைச் சுத்தம் செய்து யோகாவையும் ஆரம்பித்துவிடுவது. இரண்டும் நல்ல ஆசைகள்தான். அவசரமும் அளவு மீறுவதும்தான் அவற்றைக் கெடுக்கின்றன.

முதல் தவறு, பருவத்தைக் காலண்டரில் மட்டும் பார்ப்பது. ஆயுர்வேதக் கணக்கில் வசந்தம் ஏறக்குறைய மார்ச் நடுவிலிருந்து மே நடுவரை. குளிர்காலத்தில் சேர்ந்த கபம் வெயில் பட்டு இளகிப் பசியை மந்தமாக்கும் என்கிறது பழைய ஆயுர்வேத நூலான வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம். அதனால் அந்த மாதங்களுக்குப் பழைய கோதுமை, பார்லி, தேன், பொடி தேய்த்துக் குளியல், நல்ல உடற்பயிற்சி என்று சொல்கிறது. பகல் தூக்கமும் எண்ணெய், இனிப்பு, புளிப்புப் பண்டங்களும் வேண்டாம் என்கிறது. சரி, ஆனால் ஏப்ரல் நடுவில் மதுரையிலும் வேலூரிலும் என்ன நிலைமை? வெயில் 40 டிகிரியைத் தொடப் பார்க்கும், மே முதல் வாரத்தில் கத்திரியே தொடங்கிவிடும். அதே நூல் கோடைக்குச் சொல்வது வேறு: உடற்பயிற்சியையும் காரத்தையும் குறை, குளிர்ச்சியான நீராகாரம் குடி, பகலில் கொஞ்சம் தூங்கலாம். சமவெளியில் இருப்பவர்களுக்கு வசந்த விதிகள் பங்குனியோடு பெரும்பாலும் முடிந்துவிடுகின்றன என்பது என் கருத்து. ஊட்டி, கொடைக்கானலில் இன்னும் சில வாரம் நீளலாம். சித்திரை வெயிலில் வியர்த்துக் கொட்டும்போதும் சுக்கும் மிளகும் போட்ட கஷாயத்தைக் காலையும் மாலையும் குடித்தால் வாய்ப்புண்ணும் மலச்சிக்கலும்தான் மிஞ்சும்.

இனி பூவுக்கு வருவோம். இதில்தான் சின்னச் சின்னத் தவறுகள் அதிகம். புழுதி படிந்த சாலையோர மரத்தின் கீழ் கிடப்பதைக் கூட்டி அள்ளுவது முதல் தவறு. வீட்டு மரமோ தோட்டத்து மரமோ பார்த்து, முதல் நாள் இரவே அடியில் ஒரு பழைய வேட்டியை விரித்துவிடுங்கள். விடியும்போது மெல்லிய தேன் வாசத்தோடு வெள்ளைப் பூ அதில் உதிர்ந்து கிடக்கும். முறத்தில் போட்டுப் புடைத்தால் காம்பும் எறும்பும் போய்விடும். அப்புறம் நிழலில் காயவைக்க வேண்டும். கடும் வெயிலில் போட்டால் வாசம் போய் நிறம் கறுத்துவிடும். கையில் எடுத்து நசுக்கினால் நொறுங்க வேண்டும். அதற்கு முன் பாட்டிலில் அடைத்தால் சில வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை வாடை வந்த பூவை மறுபடி காயவைத்துப் பயன்படுத்தாதீர்கள், கொட்டிவிடுங்கள்.

மரத்திலும் கவனம் தேவை. மலைவேம்பு வேறு மரம், அதன் பூவை உணவில் சேர்க்கக் கூடாது. இலையைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். வேம்பில் ஒரே ஈர்க்கின் இரு பக்கமும் இலைகள் நேராக அடுக்கியிருக்கும். மலைவேம்பில் அந்த ஈர்க்கே மறுபடி கிளை பிரிந்திருக்கும். பூவெல்லாம் மருந்து என்று நினைப்பதும் ஆபத்து: அரளியும் பொன்னரளியும் இதயத்தையே நிறுத்தக்கூடிய விஷம். இரண்டும் நம் வாசலிலேயே பூக்கின்றன.

சமையலில் பலரும் செய்வது, பூவை ரசத்தோடு சேர்த்துக் கொதிக்கவிடுவது. அப்படிச் செய்தால் ரசம் முழுக்கக் கசப்பு இறங்கிவிடும், பிள்ளைகள் அதன் பிறகு தொடவே மாட்டார்கள். ஒரு கரண்டி நெய்யில் சிறு தீயில் பழுப்பாக வறுத்து, ரசத்தை இறக்கிய பிறகு மேலே போடுங்கள். நாலு பேருக்கு ஒரு மேசைக்கரண்டி காய்ந்த பூ தாராளம். புத்தாண்டுப் பச்சடியில் மாங்காயும் வெல்லமும் இருக்கும் இடத்தில் பூ ஒரு சிட்டிகைதானே விழுகிறது? அந்த அளவுக்குக் காரணம் இருக்கிறது.

'ரத்தம் சுத்தமாகும்' என்று கேட்டுவிட்டுத் தினமும் வெறும் வயிற்றில் கைப்பிடி பூவை மெல்லுபவர்களும், இலைச் சாற்றை டம்ளர் டம்ளராகக் குடிப்பவர்களும் இருக்கிறார்கள். சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் இப்படிச் செய்தால் சர்க்கரை அளவுக்கு மேல் இறங்கிவிடலாம். கர்ப்பிணிகளும் குழந்தைக்கு முயற்சி செய்பவர்களும் வேம்பை மருந்து அளவில் எடுக்கவே வேண்டாம். 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்ற பழமொழியை நம்பி, ஆவாரம்பூத் தேநீரைக் குடித்துக்கொண்டு மாத்திரையை நிறுத்துவதும் இதே வகைதான். ஆவாரம்பூவைக் குடியுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள். எல்லாவற்றையும் விட முக்கியம்: வேப்பெண்ணெயைக் கைக்குழந்தைக்கு உள்ளுக்குப் புகட்டவே கூடாது. வாந்தி, வலிப்பு, மூளை பாதிப்பு வரை போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. தேனும் அப்படித்தான். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் துளிகூட வேண்டாம். பெரியவர்களும் அதைக் கொதிக்கும் நீரில் கலக்கக் கூடாது என்பது ஆயுர்வேத விதி.

யோகாவுக்கு இந்தப் பருவம் உண்மையிலேயே நல்ல தொடக்கம். புதிதாகப் பயில்பவர் வசந்தத்திலோ, மழைக்காலம் முடிந்து வரும் சரத்காலத்திலோ ஆரம்பிக்க வேண்டும் என்று பழைய யோக நூலான கேரண்ட சம்ஹிதை வெளிப்படையாகவே சொல்கிறது. ஆனால் முதல் நாளே 108 சூரிய நமஸ்காரம் என்று இறங்கிவிட்டு, மூன்றாம் நாள் முதுகைப் பிடித்துக்கொண்டு விட்டுவிடுகிறோம். சிங்கம், யானை, புலியைப் பழக்குவது போல மூச்சையும் மெல்ல மெல்லத்தான் வசப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் பழகுபவனையே அது அழிக்கும் என்கிறது இன்னொரு யோக நூலான ஹடயோக பிரதீபிகை. விடிகாலையில் நாலைந்து சுற்று போதும். கை உயரும்போது மூச்சு உள்ளே, இறங்கும்போது வெளியே. மூச்சு திக்கினால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டுப் படுங்கள். நேரமில்லை என்று கடைசியில் சவாசனத்தை, அதாவது மல்லாந்து அசையாமல் படுத்து ஓய்வெடுப்பதை, விட்டுவிடுபவர்கள் அதிகம். ஒரு சுற்றைக் குறைத்தாவது அதைச் செய்யுங்கள்.

சளிக்கு நல்லது என்று கேள்விப்பட்டு எல்லோரும் கபாலபாதி, அதாவது மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் பயிற்சி, செய்கிறார்கள். அது கபத்தைப் போக்கும் என்று பிரதீபிகை சொல்வது உண்மைதான். அதே நூல், கபமும் கொழுப்பும் மிகுந்தவர்களுக்குத்தான் கபாலபாதி உள்ளிட்ட ஆறு சுத்திகரிப்புக் கிரியைகள், மற்றவர்களுக்குத் தேவையில்லை என்றும் சொல்கிறது. இந்த வரியை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ரத்த அழுத்தம், குடலிறக்கம், சமீபத்திய வயிற்று அறுவை சிகிச்சை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கபாலபாதி பக்கமே போக வேண்டாம். வெயில் ஏறிய பிறகு யாருக்குமே வேகமான மூச்சுப் பயிற்சி வேண்டாம், மூக்குத் துவாரங்களை மாற்றி மாற்றி மெதுவாக மூச்சு விடும் நாடிசுத்தி போதும்.

கடைசியாக, வமனம். வசந்தத்தில் வாந்தி எடுக்கவைத்துக் கபத்தை வெளியேற்றும் சிகிச்சை ஆயுர்வேதத்தில் உண்டு. அதற்கு நாள்கணக்கில் முன்தயாரிப்பும், பக்கத்தில் வைத்தியரும், பின்னர் கஞ்சியில் தொடங்கும் உணவு முறையும் வேண்டும். வீடியோவைப் பார்த்து வீட்டில் உப்புத் தண்ணீர் குடித்து வாந்தி எடுப்பது வமனம் ஆகாது. உடம்பின் உப்புச் சமநிலை கெட்டு மயங்கி விழ வாய்ப்பிருக்கிறது. உண்மையிலேயே தேவை என்று தோன்றினால், நாகர்கோவில் கோட்டாறு அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரிக்கோ, சென்னைப் பக்கம் இருப்பவர்கள் அரும்பாக்கம் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனைக்கோ போய்ப் பாருங்கள். ஏற்கெனவே சாப்பிடும் ஆங்கில மருந்துச் சீட்டையும் மறக்காமல் கையோடு கொண்டுபோங்கள்.