ஓடும், ஆனால் பிழையாக ஓடும்: பைதனில் ஒப்பிடும்போது சறுக்கும் இடங்கள்

பைதன் நிரல்மொழியில் ஒப்பிடும் குறிகள் ஆறுதான்: ==, !=, <, >, <=, >=. உயர்தர ஐ.சி.டி. (தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப) வகுப்பில் ஒரே பாடவேளையில் முடிந்துவிடும். ஆனால் பிழைகள் அவ்வளவு சீக்கிரம் முடிவதில்லை.

சத்தம் போடும் பிழைகளுக்குப் பயப்பட வேண்டாம். பாஸ்கல் மொழி பழகிவிட்டு வருபவர்களுக்கு = என்றால் ஒப்பிடுவது, := என்றால் மதிப்பை இடுவது. அந்தக் கைப்பழக்கத்தில் பைதனின் இஃப் வரியில் ஒற்றை = போட்டால் நிரல் ஓடவே ஓடாது. >= என்பதை => என்று திருப்பி எழுதினாலும், பாஸ்கலின் <> ஐக் கொண்டுவந்தாலும் அதே கதிதான். பைதனே பிடித்துக் கொடுத்துவிடும். (சி மொழியில் ஒற்றை = பேசாமல் ஓடிவிடும். அங்கே போகும்போது கவனம்.)

ஆபத்தானவை, ஓடிக்கொண்டே பிழையான விடை தருபவை. பரீட்சையில் ஆகக் குறைந்த சித்தியான எஸ் சித்திக்கு 35 புள்ளி வேண்டும். அதை புள்ளி > 35 என்று எழுதினால், சரியாக 35 எடுத்த பிள்ளை ஃபெயில். 70, 20 என்று கொடுத்துப் பார்த்தால் இது கடைசிவரை தெரியாது. 34, 35, 36 மூன்றையும் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது இன்புட். பயனர் எண்ணைத் தட்டினாலும் அது எழுத்துச்சரமாகத்தான் (எழுத்துகளின் தொடராகத்தான்) வந்து சேரும். "100" < "35" என்று கேட்டால் பைதன் உண்மை என்கிறது. முதல் எழுத்துகளான 1ஐயும் 3ஐயும் பார்த்ததுமே முடிவு கட்டிவிடும், நீளத்தைப் பார்ப்பதில்லை. இப்படியே முதலிடம் தேடினால் 100 எடுத்தவர் 9 எடுத்தவருக்குப் பின்னால்தான் நிற்பார். ஒரு பக்கம் சரம், மறுபக்கம் எண் என்றால் < குறியைப் பைதன் 3 மறுத்துவிடும். == அப்படி இல்லை. "35" == 35 பொய் என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். வாங்கிய உடனேயே இன்ட் போட்டு எண்ணாக்கிவிடுங்கள்.

இன்னொன்று, பேசுவது போலவே எழுதுவது. மாவட்டம் == "மட்டக்களப்பு" அல்லது "அம்பாறை" என்பதை அப்படியே நிரலாக்கினால், திருகோணமலைக்காரரும் உள்ளே வந்துவிடுவார். வெறுமையில்லாத எந்தச் சரமும் தனியாக நின்றால் பைதனுக்கு உண்மைதான். மாவட்டம் == என்பதை இரண்டாம் பக்கத்திலும் எழுத வேண்டும்.

இனி, ஆங்கிலப் பாடநூல்கள் தொடாத இடம்: தமிழ்ச் சரங்கள். பொத்துவில், கொக்கட்டிச்சோலை போன்ற பெயர்களில் உள்ள ொ குறியை யூனிகோட்டில் (ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் தரும் முறையில்) ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ெ, ா என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், == போட்டால் பொய். பல கணினிகளில் தட்டிய பட்டியல்களைச் சேர்க்கும்போது "இந்த ஊர் இல்லை" என்று நிரல் அடம்பிடித்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். யூனிகோட்டேட்டா நூலகத்தின் நோர்மலைஸ் கொண்டு இரு பக்கத்தையும் என்.எஃப்.சி. (இரண்டையும் ஒரே குறியீடாகச் சேர்க்கும்) வடிவுக்கு மாற்றினால் சரி. பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்பு என்றால் அதுவும் உதவாது. அங்கே உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள், முதலில் யூனிகோட்டுக்கு மாற்றியாக வேண்டும்.

< குறியும் தமிழ் அகரவரிசையைப் பார்ப்பதில்லை, குறியீட்டு எண்ணைத்தான் பார்க்கிறது. அகராதியில் வ முந்தியது, ழ பிந்தியது. யூனிகோட்டில் தலைகீழ். அதனால் முகவரிகளை வரிசைப்படுத்தினால் வாவிக்கரை வீதிக்கு முன்னால் வாழைச்சேனை வந்து உட்காரும். தமிழ் வரிசை வேண்டுமென்றால் எழுத்துகளின் ஒழுங்கை நாமே பட்டியலாகக் கொடுக்கலாம். கொஞ்சம் வேலைதான்.

தசம எண்களில் == வேண்டாம். 0.1 + 0.2 == 0.3 பொய், ஏனென்றால் இடப்பக்கம் 0.30000000000000004 ஆகிவிடுகிறது. காசுக் கணக்கென்றால் ரூபாவைச் சதமாக்கி முழு எண்ணாக ஒப்பிடுங்கள், மற்றவற்றுக்கு மாத் நூலகத்தின் இஸ்குளோஸ் இருக்கிறது.