பழைய தேக்கு ஊஞ்சல் பலகைக்கு எந்த உப்புத்தாள்?

ஹார்டுவேர் கடையில் "உப்புத்தாள் கொடுங்க" என்றால், "எத்தனாம் நம்பர்?" என்று கேட்பார்கள். பழைய பலகையைத் தேய்த்துப் புதுசாக்கும் வேலையில் பாதி அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

தாளின் பின்பக்கம் 80, 120, 220 என்று அச்சடித்திருக்கும். எண் ஏற ஏற மணல் பொடிசாகும். 80-ஆம் நம்பரில் ஒரு துகள் சுமார் 0.2 மில்லிமீட்டர், 220-இல் அதில் மூன்றில் ஒரு பங்குதான். ஒவ்வொரு துகளும் மரத்தில் தன் அளவுக்கு ஒரு கீறல் போடுகிறது. அந்தக் கீறலை அடுத்த தாள் அழிக்கிறது, அவ்வளவுதான் இந்த வேலை.

முதலில் பலகையைப் பாருங்கள். சங்கிலி, கொக்கி, வளையம் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பலகையில் வார்னிஷ் இல்லாமல் பழைய பெயின்ட் இருந்தால் நிதானம் வேண்டும். வீட்டு பெயின்ட்டில் ஈயத்தை 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவுக்குக் கட்டுப்படுத்தும் விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட்டைக் காய்ந்தபடி தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது, குழந்தைகள் இருக்கும் வீட்டில் கண்டிப்பாகக் கூடாது. பெயின்ட் ரிமூவர் போட்டு ஊறவைத்து, ஈரமாகவே சுரண்டி எடுங்கள்.

அடுத்து, ஆரம்ப நம்பர். வார்னிஷ் உரிந்து திட்டுத் திட்டாக நின்றால் 80. ஆழமான கீறலோ மேடு பள்ளமோ இருந்தால் 60. வெறும் மங்கல்தான் என்றால் 120 போதும். சந்தேகமாக இருந்தால் பலகையின் அடிப்பக்கம் பொடிசான தாளில் தொடங்கிப் பாருங்கள். பத்துப் பதினைந்து இழுப்பில் வேலை நகரவில்லை என்றால் ஒரு நம்பர் கீழே இறங்குங்கள். எடுத்த எடுப்பில் 40 வாங்கிவிட்டால், அது போடும் பள்ளத்தை எடுக்கவே தனியாக உழைக்க வேண்டியிருக்கும்.

வாங்கும்போது, அலுமினியம் ஆக்சைடு பூசிய பழுப்புத் தாளைக் கேளுங்கள். தேக்கில் சிலிக்கா உண்டு, தாளின் கூர் சீக்கிரம் மழுங்கும். எண்ணெய்ப் பசையும் உண்டு, தூசி தாளில் அப்பிக்கொள்ளும். அதனால் ஒரே தாளை வைத்து அழுத்திக்கொண்டிருக்காமல், கூடுதலாகச் சில தாள்கள் வாங்கிவைப்பதுதான் சிக்கனம்.

இனி தேய்ப்பது. தாளை உள்ளங்கை அளவு மரக்கட்டையில் சுற்றிக்கொள்ளுங்கள். விரலால் அழுத்தினால் பலகையில் குழி விழும். மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே இழுங்கள், குறுக்கே போன கீறல் பாலிஷ் ஏறியதும் பளிச்சென்று தெரியும். ஓரங்களில் மட்டும் கட்டை வேண்டாம், தாளை மூன்றாக மடித்துக் கையால் லேசாகத் தேய்த்தால் போதும். முகக்கவசம் கட்டாயம். தேக்குத் தூசி சிலருக்குத் தோலிலும் மூக்கிலும் அரிப்பைக் கொடுக்கும்.

ஒரு நம்பர் முடிந்ததா என்று தெரிந்துகொள்ள, தேய்க்கும் முன் பலகை முழுக்கப் பென்சிலால் லேசாகக் கோடு கிறுக்கிவையுங்கள். கோடெல்லாம் போனால் ஓர் இடமும் விடுபடவில்லை என்று அர்த்தம். அப்புறம் தூசியைத் துடைத்துவிட்டு, டார்ச்சைப் பலகையோடு படுக்கவைத்து அடித்துப் பாருங்கள். மேலிருந்து பார்த்தால் தெரியாத கீறலெல்லாம் நிழல் விழுந்து வரிவரியாகத் தெரியும். எங்கும் ஒரே மாதிரிச் சன்னமான கீறல் இருந்தால் அடுத்த நம்பருக்குப் போகலாம்.

வரிசை 80, 120, 180, 220. 80-லிருந்து நேரே 220-க்குத் தாவாதீர்கள். பொடி மணல் ஆழக் கீறலின் அடியைத் தொடாது. மேலே வழவழப்பாகி, பாலிஷ் அடித்ததும் பழைய கீறல் எட்டிப் பார்க்கும்.

வார்னிஷ் அடிப்பதானால் 180 அல்லது 220-இல் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் தேய்த்தால் மரம் கண்ணாடிபோல் ஆகி, வார்னிஷ் பிடிக்கச் சிரமப்படும். தின்னரில் நனைத்த துணியால் எண்ணெய்ப் பசையைத் துடைத்து, காய்ந்ததும் முதல் கோட் அடியுங்கள்.

அந்தக் கோட் நன்றாகக் காய்ந்த பிறகு 320-ஆம் நம்பர் வாட்டர் பேப்பரால் (நனைத்தும் தேய்க்கக்கூடிய உப்புத்தாள்) அழுத்தாமல் ஒருமுறை தடவுங்கள். வெள்ளைப் பொடி வந்தால் காய்ந்திருக்கிறது. தாளில் பிசுபிசுவென்று ஒட்டினால் இன்னும் ஒரு நாள் விடுங்கள், பிறகு இரண்டாவது கோட்.