பழைய லென்ஸும் கியூர்பீப்பின் ஈரமும்: முதல் கேமரா வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தைப்பூசத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது என் அண்ணன் மகன் தான் புதிதாக வாங்கிய கேமராவையும், அதனோடு செகண்ட் ஹேண்டில் வாங்கிய 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றையும் கொண்டுவந்து மொரீஷியஸின் கியூர்பீப் நகரில் இருக்கும் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்தான். "பாதி விலைக்குக் கிடைத்தது, சித்தப்பா" என்றான். லென்ஸை எடுத்து, கைபேசியின் விளக்கைப் பின்பக்கக் கண்ணாடியில் சாய்வாக அடித்து, முன்பக்கத்திலிருந்து பார்த்தேன். கண்ணாடியின் ஓரத்தில் தொடங்கி நடுப்பகுதியை நோக்கி, சிலந்தி நூலைப் போன்ற வெண்ணிற இழைகள் கிளைவிட்டிருந்தன. நான் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பு பணம் கொடுத்து வாங்கிய அதே பூஞ்சை! குறைந்த செலவில் புகைப்படக்கலையைத் தொடங்க நினைக்கும் இளைஞர்கள் நான் விழுந்த பள்ளங்களிலேயே வரிசையாக விழுவதைப் பார்த்த பிறகே இதை எழுத உட்கார்ந்தேன். லென்ஸ் மூடியைக் கழற்ற மறப்பது, பேட்டரியைச் சார்ஜ் செய்யாமல் புறப்படுவது போன்றவற்றை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

மெகாபிக்சலை எண்ணி வாங்குவது

வீட்டுச் சுவரில் மாட்டும் படத்துக்கு 16 மெகாபிக்சலே தாராளம்.

ஜூம் மடங்கில் மயங்குவது

கடைக் கண்ணாடிப் பெட்டியில் "60 மடங்கு ஜூம்" என்று எழுதி வைத்திருக்கும் கேமரா, பார்வைக்குப் பெரிய கேமராவைப் போலவே இருக்கும். ஆனால் அதற்குள் இருக்கும் சென்சார் (ஒளியைப் படமாக மாற்றும் சில்லு) பெரும்பாலும் 6.2 மில்லிமீட்டர் அகலமும் 4.6 மில்லிமீட்டர் உயரமும் கொண்டதாக, சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியதாக இருக்கும். லென்ஸை மாற்றக்கூடிய தொடக்கநிலைக் கேமராக்களில் வழக்கமாக இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சாரின் அளவு ஏறத்தாழ 23.5க்கு 15.6 மில்லிமீட்டர்; பரப்பில் ஏறக்குறைய பதின்மூன்று மடங்கு வேறுபாடு. பிளாக் ரிவர் காடுகளில் பகல் வெளிச்சத்தில் கிளி பார்க்கப் போகிறவருக்கு அந்த ஜூம் கேமரா பொருத்தமானதே. மாலை மங்கிய பிறகு தீமிதியைப் படமெடுக்க விரும்புகிறவருக்கு அது மணல் தூவிய படங்களையே கொடுக்கும்.

பொருந்தாத லென்ஸும் கைவிடப்பட்ட மவுண்டும்

நிக்கானின் டி3000, டி5000 வரிசைக் கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. ஆகவே விலை மலிவாகக் கிடைக்கிறதே என்று 50 மில்லிமீட்டர் எஃப் 1.8டி லென்ஸை வாங்கி மாட்டினால், படம் எடுக்கலாம். ஆனால் ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். அதே லென்ஸின் "ஜி" வகையில் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. ஓர் எழுத்து வேறுபாடுதான், கடைக்காரர் அதை நினைவூட்டமாட்டார்.

மவுண்ட் என்பது லென்ஸைக் கேமராவோடு இணைக்கும் வளையம். கேனானின் ஈஎஃப்-எம் மவுண்ட் 2012இல் வந்தது, ஆர்எஃப் மவுண்ட் 2018இல் வந்தது. முன்னதற்கு வாங்கிய லென்ஸ் பின்னதில் மாட்டாது. முதலதில் லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடையே 18 மில்லிமீட்டரும் இரண்டாவதில் 20 மில்லிமீட்டரும் இடைவெளி இருப்பதால், வழக்கமான அடாப்டரை (வேறு மவுண்டின் லென்ஸை மாட்ட உதவும் இடைவளையத்தை) செருகவும் இடமில்லை. ஈஎஃப்-எம்மைக் கேனான் பிறகு கைவிட்டது. தனி மவுண்ட் கொண்ட நிக்கான் 1 வரிசையும் 2018இல் நின்றுபோனது. இவற்றின் கேமராக்கள் இன்று மலிவாகக் கிடைப்பதற்கு இதுவே காரணம். ஒரே லென்ஸோடு காலம் தள்ளுவேன் என்ற உறுதி இருந்தால் மட்டும் வாங்கலாம்.

லென்ஸுக்குள் விளக்கடித்துப் பார்க்காமல் வாங்குவது

இதைப் பற்றி எழுதும்போது எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

அப்போது என்னிடம் ஒரு பழைய கேமராவும் அதனோடு வந்த 18-55 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸும் மட்டுமே இருந்தன. அந்த லென்ஸின் நீண்ட முனையில், அதாவது 55 மில்லிமீட்டரில், ஒளி நுழையும் துவாரம் எஃப் 5.6க்கு மேல் திறக்காது; எஃப் எண் குறையக் குறையத் துவாரம் பெரிது. எஃப் 1.8 லென்ஸோ ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். விடியற்காலையில், ஆற்றங்கரையில், விளக்கொளியில் காவடி கட்டுகிறவர்களின் முகங்களை எடுக்க வேண்டும் என்ற ஆசையில், செகண்ட் ஹேண்ட் 85 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை 9,000 மொரீஷியஸ் ரூபாய்க்கு வாங்கினேன். கடைக்குப் போனபோது மாலை ஆறு மணி. லென்ஸை வானத்தை நோக்கிப் பிடித்துப் பார்த்தேன், தெளிவாக இருந்தது. கடைக்கு எதிரே இருந்த மரத்தைப் படமெடுத்துக் கேமராத் திரையில் பார்த்தேன், அதுவும் நன்றாகவே இருந்தது. ஓரத்தில் ஏதோ மங்கலாகத் தெரிகிறதே என்று கேட்டேன். "தூசி" என்றார் கடைக்காரர். நம்பினேன்.

தைப்பூசத்தன்று போர்ட் லூயிஸில் சூரியன் ஏறியதும், மயிற்பீலி சூட்டிய காவடிகளுக்குப் பின்னால் வெயில் விழும்படி நின்று எடுத்த படங்கள் அனைத்திலும் மோர் தெளித்தாற்போல ஒரு வெண்மை படர்ந்திருந்தது. பக்தர்களின் அடர்ந்த இளஞ்சிவப்பு ஆடைகள் பல முறை துவைத்த சாயத் துணியைப் போல வெளுத்திருந்தன. நான் ஓராண்டுக் காலம் அதை என் எக்ஸ்போஷர் (ஒளியளவை அமைத்த) குற்றம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பூஞ்சை அப்படித்தான் ஏமாற்றும்: அது ஃபோகஸ் தளத்திலிருந்து வெகுதூரத்தில் இருப்பதால் படத்தில் புள்ளியாகவோ கோடாகவோ தெரியாது, சாதாரண வெளிச்சத்தில் எடுத்தால் குறையே இல்லாததுபோல் இருக்கும், எதிர்வெளிச்சம் பட்ட உடனே ஒளியைச் சிதறடித்துப் படத்தின் அழுத்தத்தைக் குறைத்துவிடும். இறுதியில் ஒரு மெக்கானிக் அதைப் பிரித்துப் பார்த்து, சுத்தம் செய்ய 7,000 ரூபாய் ஆகும் என்றும், கண்ணாடியின் மேற்பூச்சைப் பூஞ்சை ஏற்கெனவே அரித்துவிட்டதால் பழைய தெளிவு திரும்பாது என்றும் சொன்னார். வெயிலில் வைத்தால் போய்விடும் என்று அறிவுரை சொல்கிறவர்கள் உண்டு. பூஞ்சை செத்தாலும், அது சுரந்த அமிலம் அரித்த பூச்சு மீண்டும் வளர்ந்துவிடாது.

பூஞ்சையின் வித்துகள் காற்றில் எங்கும் இருக்கின்றன. ஈரமும் இருட்டும் அசைவின்மையும் கிடைத்தால், தூசியையும் விரல் எண்ணெயையும் தின்று அவை முளைக்கும். தென்கிழக்குக் காற்று கொண்டுவரும் மேகங்கள் ஏறத்தாழ 550 மீட்டர் உயரத்தில் இருக்கும் கியூர்பீப்பின் மேல்தான் வந்து கரைகின்றன; எங்கள் ஊரில் துணி காயாத நாள்கள் எத்தனை என்பதை எங்கள் வீட்டுப் பெண்களைக் கேட்டால் தெரியும். மலைக்கு மறுபக்கம் இருக்கும் போர்ட் லூயிஸ் இதைவிட மிகவும் உலர்ந்த ஊர். நான் செய்த இரண்டாவது முட்டாள்தனம், அந்த லென்ஸைத் தோல் பையில் போட்டு, மர அலமாரியின் அடித்தட்டில், என் 18-55 லென்ஸுக்குப் பக்கத்திலேயே, புயல்காலம் முழுவதும் வைத்திருந்தது. ஏப்ரலில் எடுத்துப் பார்த்தபோது இரண்டாவதன் ஓரத்திலும் இழைகள் தெரிந்தன.

ஆகவே செகண்ட் ஹேண்ட் லென்ஸைப் பகலில் போய்ப் பாருங்கள். சிறிய டார்ச் ஒன்றைக் கொண்டுபோங்கள். இரு பக்க மூடிகளையும் கழற்றி, துவாரம் முழுவதும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். கேனான் ஈஎஃப் லென்ஸ் கேமராவிலிருந்து கழற்றிய நிலையில் திறந்தே இருக்கும். நிக்கானின் டி, ஜி வகைகளில் பின்பக்கம் இருக்கும் சிறு நெம்புகோலை விரலால் தள்ளிப் பிடிக்க வேண்டும். ஒளியை நேராக அடிக்காமல் சாய்வாக அடித்து, லென்ஸை மெல்லச் சுழற்றிக்கொண்டே பாருங்கள். தனித்தனிப் புள்ளிகளாகத் தெரிவது தூசி. பத்திருபது புள்ளிகளால் படத்துக்கு எந்தக் கேடும் இல்லை. கிளைவிட்ட இழைகளாகத் தெரிவது பூஞ்சை. மூச்சு விட்ட கண்ணாடியைப் போல முழுவதும் மங்கியிருந்தால் அது உட்புகை, அதையும் வாங்காதீர்கள். மூடியைத் திறந்ததும் பூட்டிக் கிடந்த அறையின் வாடை வந்தால் டார்ச்சே தேவையில்லை, அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

வாங்கிய பிறகு, சமையலறையில் இருக்கும் காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் சிலிக்கா ஜெல்லும் ஒரு சிறிய ஈரமானியும் போட்டு, ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும். ஆரஞ்சு நிற ஜெல் பச்சையாக மாறினால் அடுப்பில் மிதமாகச் சூடாக்கி மறுபடியும் பயன்படுத்தலாம். சிலர் அரிசியைப் போட்டு வைக்கிறார்கள்; அரிசி மாவுத்தூள் பூஞ்சைக்கு நாம் வைக்கும் படையல்.

தோல் பை

வேண்டாம்.

இந்தியப் பயணத்தில் வாங்கி வருவது

பழனிக்கும் மதுரைக்கும் போகிறவர்கள் விலை குறைவு என்று கேமராவையும் வாங்கி வருகிறார்கள். பல நிறுவனங்களின் கேமரா உத்தரவாதம் வாங்கிய நாட்டுக்குள் மட்டுமே செல்லும் என்பதை உத்தரவாத அட்டையின் சிறிய எழுத்தில் முதலில் படித்துவிட்டு, அதற்குப் பிறகு விலையை ஒப்பிடுங்கள்.

காவடிக்கு முந்தைய வாரம் வாங்குவது

அவசரத்தில் யாரும் டார்ச் அடிப்பதில்லை. அண்ணன் மகனுக்கு மூன்று வாரம் கையில் இருந்ததால், இரண்டு முறை அலைந்து, லென்ஸைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிவிட்டான். காவடியை அவன் கேமராவோடு வந்த 18-55 லென்ஸிலேயே எடுத்தான். விடியற்காலைப் படங்கள் இருட்டாகத்தான் வந்தன. வெயில் ஏறிய பிறகு எஃப் 8 வைத்து எடுத்த ஒரு படத்தில், அவன் அத்தையின் தலையில் இருந்த பால்செம்பின் விளிம்பில் வழிந்து நின்ற ஒரு துளிப் பால் வரை தெரிகிறது.