பால் பாட்டிலுக்கு முதலில் பச்சைத் தண்ணீர்

குழந்தை குடித்து முடித்ததும் பாட்டில், நிப்பிள், மூடி எல்லாவற்றையும் கழற்றி உடனே பச்சைத் தண்ணீரில் அலசிவிடுங்கள். வெந்நீரும் சோப்பும் அப்புறம்தான். எடுத்த எடுப்பில் வெந்நீர் ஊற்றினால் பாலில் உள்ள புரதம் இறுகி, நிப்பிள் துளையிலும் மூடியின் மரையிலும் ஒட்டிக்கொள்ளும். அந்தப் படிவுக்கு அடியில் தங்கும் கிருமியை ஸ்டெரிலைசரின் நீராவியோ குளோரின் கரைசலோ சரியாக எட்டாது. ஆஸ்பத்திரியில் இது ரொம்ப முக்கியம், அங்கே கை கழுவும் தொட்டியில் போடாமல் தனிப் பாத்திரத்தில் கழுவுங்கள்.

இந்த அலசல் கிருமிநீக்கத்துக்கு மாற்று இல்லை. பால் ஏற்கெனவே காய்ந்திருந்தால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பிரஷால் தேய்த்தே ஆக வேண்டும். ஒருமுறை மட்டுமே பயன்படுத்தும் நிப்பிள் என்றால் கழுவவே வேண்டாம், எறிந்துவிடுங்கள்.